இலைக் கொன்டெய்னரில் பூசணிக்காய்

ஒக்டோபர் 12, சனி

காலை முழுவதும் தூறல். இன்று டுக்னாட், குடியிருப்பார் எல்லாரும் கூடித் துப்புரவாக்கும் நாள். எங்கள் வரிசையில் எல்லா வீட்டாரும் வெளியே, கையில் குப்பைவாரியோடு. விடியவே பெரிய மஞ்சள் கொன்டெய்னர் வந்து நின்றது. குடியிருப்புத் தலைவர் ரொல்ஃப் போவோர் வருவோருக்கெல்லாம் சொன்னார்: இலை, புல், கிளை. வேறு ஒன்றும் கூடாது.

அம்மா தன் தோட்டத் துண்டைத் துப்புரவாக்கினார். போஞ்சிக்கொடி, தக்காளிச் செடி, முற்றிப்போன வெந்தயம். சாக்குச் சாக்காக நான்தான் இழுத்தேன். கையில் கொப்புளம்.

நேற்று ஆயுதபூசை. அப்பா தன் டாக்சிக்கு நீற்றுப்பூசணி வெட்டினார், உள்ளே குங்குமம் கொட்டி. ரோட்டில் போட்டு உடைக்க இங்கே நோர்வேயில் முடியாது. கராஜில் வெட்டி, தமிழ்க்கடைப் பையில் போட்டு வைத்திருந்தார்.

அம்மா: "உதைச் சாப்பாட்டுக் குப்பையோட சேர்க்காதை பிள்ளை. கண்ணூறு கழிச்சது. இலை குழையோட போகட்டும். உதறிப்போட்டுப் பையைக் கொண்டுவா. பை உள்ளுக்குப் போகப்படாது."

கொன்டெய்னரடியில் என் வகுப்பு மாத்தியாஸும் அவன் தகப்பனும். பை மூலையில் சிவப்பு ஒழுகியது. அவர்களுக்கு முன்னால் உதற வெட்கம். முடிச்சுப் போட்டு, பையோடேயே, இலைகளுக்குள் கை போகுமட்டும் தள்ளினேன்.

திரும்பி வந்ததும் அம்மா: "உதறினியே?"

"ஓம்."

இதைத் தமிழில் எழுதுவது ஆபத்து, அம்மா வாசித்துவிடுவார். நோர்வேஜியனில் எழுதினால் அம்மா கதைப்பது மாதிரி வராது. தலையணை உறைக்குள் வைக்க வேண்டும்.

ஒக்டோபர் 14, திங்கள்

குளிர். கணிதச் சோதனை, பரவாயில்லை.

ரொல்ஃப் குடியிருப்பாளர் குழுவில் படம் போட்டிருக்கிறார். குழு இருப்பது அம்மாவின் போனில், வாசித்துச் சொல்வது நான். படத்தில் அந்தப் பை. கிழிந்து, வெள்ளைச் சதை, சிவப்புச் சேறு. தோட்டக் கழிவு எடுக்கும் இடத்தில் கொன்டெய்னரைத் திருப்பிவிட்டார்களாம். முழுவதும் கலப்புக் குப்பை என்று கூடுதல் கட்டணம். எல்லா வீடுகளும் பங்கு போட வேண்டும், போட்டவர் முன்வந்தால் ஒழிய.

அதன் கீழே மூலைவீட்டு பெரித்: "இது இரத்தமா? என் மொன்ஸைச் சனிக்கிழமையிலிருந்து காணவில்லை."

மொன்ஸ் அவருடைய பூனை.

அதற்கும் கீழே யாரோ: பொதுநிலத்தில் தோட்டம் செய்ய விட்டால் இப்படித்தான் வரும். அதற்கு ரொல்ஃப் ஒரு பெருவிரல் குறி.

பொதுநிலத்தில் தோட்டம் செய்வது அம்மா மட்டும்தான்.

"என்னவாம் பிள்ளை?"

"அடுத்த கிழமையும் இலை கூட்டுவினமாம்."

"நல்லது. பின்பக்கம் இன்னும் கிடக்கு. அதுக்குப் பிறகு உள்ளிப்பூடு நடுவம்."

போன மாரியில், பனி கரையும்வரை, அம்மா திரைச்சீலை திறக்கவே இல்லை. படுக்கை, சுவர், படுக்கை. அப்பா சோறு காய்ச்சினார். நான் அம்மாவுக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டேன். தலைமுடி கையோடு வந்தது. ஏப்ரலில் இந்தத் துண்டு நிலம் கிடைத்தது. எழும்பினார். அவ்வளவுதான், மருந்தை விட அதுதான் பலித்தது.

நிலத்தை எடுத்துவிட்டால்?

ஒக்டோபர் 15, செவ்வாய்

அந்தப் படத்தைப் பற்றி இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.

சாப்பாட்டு இடைவேளை. மாத்தியாஸ்: "உங்கள் வீட்டில் பூனையை வறுப்பீர்களா, பொரிப்பீர்களா?" மேசை முழுக்கச் சிரிப்பு. "உன்னைத்தான் முதலில்" என்று சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தோன்றுகிறது. அப்போது வாயில் பாண் துண்டு.

பின்னேரம் போனில் டிங் டிங். மொன்ஸ் கிடைத்துவிட்டது! சாமான் கொட்டிலுக்குள் இருந்திருக்கிறது. சனிக்கிழமை அதைப் பூட்டியவர் ரொல்ஃப்தான். பெரித் வரிசையாக இதயங்கள். ரொல்ஃப்: "மன்னிக்கவும்."

அப்பா வேலைக்குப் போகமுன் கேட்டார்: "என்ன குஞ்சு, தனியச் சிரிக்கிறாய்?"

"பூனை வந்திட்டுது அப்பா."

"எந்தப் பூனை?"

முடிந்தது என்று நினைக்கிறேன். நித்திரை வருகிறது.

ஒக்டோபர் 16, புதன்

முடியவில்லை.

பின்னேரம் மணி அடித்தது. ரொல்ஃப். கையில் போன். அம்மா புட்டுக்கு மாக் குழைத்த கையோடு வந்தார்.

"உன் அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்வாயா? அந்தப் பையில் ஒரு தமிழ்க்கடைப் பெயர் இருக்கிறது. யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. கேட்க வந்தேன்."

நான் அம்மாவிடம்: "இலை கூட்டுற நாள் மாறிப்போச்சாம்."

அம்மா என்னைப் பார்த்தார். கையைத் துவாயில் துடைத்தார். ரொல்ஃபின் போனைத் தானே வாங்கினார். படத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார்.

பிறகு நோர்வேஜியனில், மெதுவாக: "என்னுடையது. இரத்தம் இல்லை. பூசணிக்காய்."

சாமித்தட்டிலிருந்து குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து நீட்டினார். ரொல்ஃப் விரலால் தொட்டு மணந்து பார்த்தார். "மிளகாயா?"

"இல்லை. டாக்சி. அதிர்ஷ்டம்," என்றார் அம்மா. ரொல்ஃபுக்கு அது எப்படி விளங்கியதோ, தலையாட்டினார்.

கூடுதல் கட்டணம் முழுவதும் எங்களுக்கு என்றார். தோட்டத்தைப் பற்றி வசந்தகாலக் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள், சிலர் புல் போடச் சொல்கிறார்கள். இதை நான் சரியாகவே மொழிபெயர்த்தேன். ரொல்ஃப் போகும்போது விரலைக் காற்சட்டையில் துடைத்தார். சிவப்பு இன்னும் பரவியது.

கதவு சாத்தியதும் அம்மா: "உந்த முடிச்சு நான் போடேல்லை."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"பை உன்ரை வேலை. சரி, அது போகட்டும். நீ எனக்கு வாசிச்சுச் சொன்னது ஒண்டு, அதுக்குள்ள கிடந்தது வேற. ஏன் என்னைப் பேய்க்காட்டினனி?"

"நீங்கள் திரும்பவும் படுத்திடுவியள் எண்டு பயந்தனான்."

அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். குழைத்த மா அப்படியே சட்டியில். நான் பாண் சாப்பிட்டேன்.

இப்போதும் அம்மாவின் கதவுக்குக் கீழே வெளிச்சம் இல்லை. நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லியிருக்கவே கூடாது.

ஒக்டோபர் 17, வியாழன்

முதல் தடவையாகக் காலையில் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் வெளிக்கிடவில்லை. விரல் நகத்துக்குள் மண்.

எழும்பியதும் அம்மாவின் அறையைப் பார்த்தேன். கதவு திறந்து கிடந்தது. கட்டில் வெறுமை. குசினியிலும் இல்லை. யன்னலால் பார்த்தால், அப்பாவின் பெரிய ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, அரை இருட்டில், தோட்டத்தில் மண் கொத்திக்கொண்டிருந்தார்.

சப்பாத்துப் போடாமல் ஓடினேன். காலுறை நனைந்தது.

"அம்மா, அவையள் நிலத்தை எடுத்தாலும் எடுப்பினம்..."

"கூட்டம் மாரி முடியத்தானே?"

"ஓம்."

"அதுக்குள்ள உள்ளி முளைச்சிடும். முளைச்சு நிக்கிறதைப் பிடுங்கச் சொல்லி அந்த மனிசன் என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்." நிமிர்ந்து முதுகைப் பிடித்தார். "உனக்கும் ஒண்டு சொல்லுறன். நான் படுத்தாலும் எழும்பினாலும், வாறதை எனக்கு உள்ளபடி வாசி. விளங்கிச்சோ?"

"ஓம் அம்மா."

உள்ளிப் பையை என்னிடம் எறிந்தார்.

"இந்தா, பல்லைப் பிரிச்சுத் தா. பையை மட்டும் உள்ளுக்க தாட்டுப்போடாதை."