முழங்கை தேறிய சேதி

தம்பிக்கு,

நீ விசாரிக்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முழங்கை தேறிவிட்டது.

ராஜபாளையத்து டாக்டரம்மா இதை டென்னிஸ் எல்போ என்றாள். "பந்து விளையாடினீங்களா ஆச்சி?" என்று சிரித்தாள். "இல்ல தாயி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல எந்தம்பி கடையில காலமெல்லாம் பால்கோவா கிண்டுனேன்" என்றேன். ஊசி போடாமல் பயிற்சிதான் சொல்லிக்கொடுத்தாள்.

ஈரத்துண்டை முறுக்கிப் பிழியணும். உன் கழுத்து என்று நினைத்துக்கொள்வேன், வலி தெரியாது. பொறவு தராசுப் படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை மெல்ல மெல்ல இறக்கணும். அவசரப்பட்டால் நோவு திரும்பும் என்றாள். பால் சுண்டக் காத்திருந்து பழகினவளுக்கு என்ன அவசரம்?

கோவா கிண்டுற துடுப்போடு கையைத் தூக்க ஏலாமல் நான் நின்ற அன்றைக்கு, வேலையாள் அத்தனை பேர் முன்னாலும் நீ சொன்னது அப்படியே காதில் இருக்கு. "கெழவி நடிக்கா. துடுப்பப் பிடுங்கிட்டு வெளிய அனுப்புங்கலே."

நேற்று ஒரு சட்டிப் பாலை நானே கிண்டி இறக்கினேன். கை நோகவில்லை. உன் கடைக்கு நேரெதிரே இருக்கிற தன் இடத்தைப் பீர் மைதீன் அண்ணன் எனக்கே தந்துவிட்டார். ஆடிப்பூரத் தேருக்கு அங்கே அடுப்பு மூட்டுகிறேன். ஆடிக்காற்றில் கோவா வாசம் உன் பக்கந்தான் அடிக்கும். உன் வாடிக்கைக்காரர்கள் ரோட்டைத் தாண்டி வருவதைக் கல்லாவில் உட்கார்ந்து நல்லாப் பார்த்துக்கோ.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவள்