எண்ணெய்த் தலையும் அக்காவின் கர்லரும்

வியாழன், இரவு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். அம்மாவிடம் மட்டும் காட்டாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு நிச்சயம். முடியைச் சுருட்டிக்கொள்ள காந்திபுரத்தில் கர்லர் வாங்கி வந்தாள். "சுட்டுரும் கண்ணு, தொட்டுப்போடாத" என்று என்னிடம் சொல்லித்தான் அலமாரியில் வைத்தாள். சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லை. ஒரே ஒரு தடவை சுருட்டை முடியோடு என்னைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. காலையில் அம்மா தேய்த்துவிட்ட தேங்காய் எண்ணெய் தலையில் அப்படியே இருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை. சுற்றியதும் எண்ணெய் பொரிந்து புகை வந்தது. பயந்து இழுத்தேன். நெற்றியோரத்தில் ஒரு கொத்து முடி தீய்ந்து கையோடு வந்துவிட்டது.

உடனே தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அப்போது கட்டிய துண்டை இன்னும் அவிழ்க்கவில்லை. கழுத்து வலிக்கிறது.

"ஏஞ் சாமி, இந்நேரத்துல தலைக்கு ஊத்துனா சளி புடிக்காதா? வெடியால நானே சிக்கெடுத்து ரெட்டைச் சடை போட்டு உடறேன்" என்றார் அம்மா.

தினமும் அம்மாதான் பின்னிவிடுவார். நாளைக்கு எப்படி மறைப்பது? நிச்சயத்துக்கு வருகிறவர்கள் முன்னால் எப்படி நிற்பது? அழக்கூடத் தெம்பில்லை. தூங்கினால் சீக்கிரம் விடிந்துவிடும்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அக்காவின் குரல்.

"கர்லர்ல உன்ற முடி ஒட்டியிருக்குது. அம்மா தூங்கிட்டாங்க. கத்திரிக்கோல் கொண்டாந்திருக்கேன், முன்னால கொஞ்சம் வெட்டி மறைச்சுப்போடலாம். தொற கண்ணு"