மாடிப்படிக்குக் கீழே இருந்த வால்வு

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ துறைமுகக் கிடங்கில் மூட்டை இறக்குகிறாய், ரொம்ப இளைத்துவிட்டாய் என்று உன் அக்கா சொல்லித்தான் தெரியும். பாதியில் கிழித்துப் போடாமல் இதைக் கடைசிவரை படி. பிறகு என்ன வேண்டுமானாலும் செய்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தையல்காரர் வீட்டில் நீ வால்வைத் திறந்துதான் வைத்திருந்தாய். மூடியவன் நான்.

நீ வருடாந்தரச் சோதனை முடித்து வந்து ஒன்பது நாள் இருக்கும். தையல்காரர் வெளியூர் போயிருந்தார். அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். தையல் அறையில், தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கக் கூரையில் மாட்டியிருக்கும் ஸ்பிரிங்ளரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, தைத்து வைத்த துணி நனைகிறது என்றார். போகிற வழிதானே என்று நுழைந்தேன். மாடிப்படிக்குக் கீழே வால்வை மூடி, பைப்பில் நின்ற தண்ணீரை வடித்துவிட்டு, பழைய ஸ்பிரிங்ளரைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். கடைசித் திருகு திருகும்போது பள்ளியிலிருந்து போன். பாப்பா மயங்கி விழுந்துவிட்டாள் என்றார்கள். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவளுக்கு ஒன்றுமில்லை, காலையில் சாப்பிடாமல் போயிருக்கிறாள், அவ்வளவுதான். வால்வு மூடியது மூடியபடியே கிடந்தது. கால்மணி நேர வேலைக்குத் தாள் எதற்கு என்று, அங்கே போனதை நம் ஆபீசில் நான் எழுதி வைக்கவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், தையல்காரர் துணி கொடுக்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில், இஸ்திரிப் பெட்டியிலிருந்து தீப்பிடித்தது. மாடியில் படுத்திருந்த அவர் மனைவியால் முழங்கால் வலியோடு இறங்கி வர முடியவில்லை. புகையிலேயே போய்விட்டார். நான் மாட்டிய ஸ்பிரிங்ளர் தன் வேலையைச் செய்திருந்தது. சூட்டில் அதன் கண்ணாடிக் குமிழ் உடைந்து வாய் திறந்திருந்தது. வெளியே வரத் தண்ணீர்தான் இல்லை.

விசாரணையில், சோதனைத் தாளில் இருந்த கடைசிக் கையெழுத்து உன்னுடையது என்று உன்னைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் நாள் "திறந்துதான் வெச்சேன்" என்றாய். மூன்றாம் நாள் அதோடு "நினைக்கிறேன்" சேர்ந்துகொண்டது. அடுத்த வாரம் "எனக்கே சரியா ஞாபகம் இல்லை" என்றாய். பக்கத்து நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வேலையை மூன்று தடவை சரிபார்க்கிறவன் நீ. உன் கையை நீயே நம்பாமல் போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து நின்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உரிமம் போய்விடும், ஜெயிலில் போடுவார்கள், பாப்பாவை யார் பார்ப்பார்கள் என்று என்னென்னவோ யோசித்தேன். உன்னை மட்டும் யோசிக்கவில்லை.

உரிமம் பறிபோய் நீ ஊரை விட்டுப் போன அன்று பஸ் ஏற்றிவிட வந்ததும் நான்தான். "ஒரு உயிரைக் கொன்னுட்டேனே அத்தான்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாய். நான் உன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அதைச் செய்த கையை என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

போன மாதம் தையல்காரர் ஆபீசுக்கு வந்தார். வீட்டை எடுத்துக் கட்டியாகிவிட்டது, ஸ்பிரிங்ளர் போட வேண்டும், நீங்களே வந்து செய்யுங்கள் என்று என்னைக் கேட்டார். மாட்டேன் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. மூன்று நாள் வேலை. மூன்றாம் நாள் சோதனைக் குழாயைத் திறந்தேன். அபாய மணி அடித்தது, தண்ணீர் பீறிட்டது. அவர் அசையாமல் கேட்டுக்கொண்டு நின்றார். வால்வு திறந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். பிடி பைப்போடு நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது என்று காட்டினேன். குனிந்து தன் கையாலேயே நாலைந்து தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு, "அந்தப் பையன் மேல எனக்குக் கோபம் இல்லைங்க. மறதி யாருக்கும் வரும். ஒரு தடவை வந்து என் முன்னாடி நின்னிருக்கலாம், அவ்வளவுதான்" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவரோ படியில் உட்கார்ந்துகொண்டார். "ஒழுகினதை அவ என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். அன்றைக்கு அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டார். கால் வலியோடு வந்து எனக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள் என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நெடுநேரம் நின்றேன். "தண்ணியைத் திறந்து வெச்சிட்டுப் போங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

திறந்து வைத்தேன். நேராகத் தீயணைப்பு அலுவலகத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள். வழக்கு வரும். உன் பெயரை நீக்கி, உரிமத்தைத் திருப்பித் தருவதாக உனக்குக் கடிதம் அனுப்புவார்கள். மறுபடி இந்த வேலைக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம்.

வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் சொன்னேன். "அவன் போன் பண்ணும்போதெல்லாம் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து பாப்பாவின் அறையில்தான் படுக்கிறாள். தன் வாயிலிருந்து நீ இதைக் கேட்கக் கூடாது, நானே எழுத வேண்டும் என்றாள். அதுதான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் இன்னும் எத்தனை நாள் தள்ளிப்போட்டிருப்பேனோ.

நான் சொல்லும்வரை அவளுக்கு எதுவும் தெரியாது, தம்பி. அவள்மேல் வருத்தப்படாதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் அவளுக்குப் போன் செய். நீ ஏதாவது பேசினால்தான் அவள் சரியாகச் சாப்பிடுவாள். போன் அடித்தால் நான் வெளியே போய்விடுகிறேன். என்னைக் கூப்பிடச் சொல்ல வேண்டாம். உனக்கே எப்போதாவது தோன்றினால் தவிர.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி படுத்தால் தூக்கம் வருவதில்லை என்று உன் அக்காவிடம் சொன்னாயாம். இனிமேலாவது தூங்கு. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இப்படிக்கு,
நீ அத்தான் என்று கூப்பிட்டவன்