விரலுக்குத் தெரியாத எழுத்து

வங்காலையில் இருக்கும் அன்பு எமில்டாவுக்கு,

நம் ஊர்க் கோயில் புனித ஆனாள் தாயாரின் காவலில் நீரும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உமது முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஓய்வு பெற்றவனைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று கொழும்புக் காப்புரிமைக் கந்தோரில் பயந்து பயந்துதான் வேலை பார்க்கிறேன். சென்ற வாரம் ஒரு லேசர் கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் வந்தது. மருந்துக் குப்பியின் கண்ணாடிக்கு உள்ளேயே அந்தக் கருவி எழுதுமாம். மேற்பரப்பில் தடமே இராதாம். மாதிரிக் குப்பியை யன்னலோரம் பிடித்தேன். எழுத்துகள் நம் கரையின் தெளிந்த நீரில் நிற்கும் மீன்குஞ்சுகள் போல அசையாமல் மிதந்தன. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். பிறகு விரலால் தடவி, மேற்பரப்பு வழவழப்பாக உள்ளது என்று அறிக்கையில் எழுதினேன்.

பக்கத்து மேசை ரஜிதா வாங்கித் தடவினாள். "சேர், இஞ்சை சுரசுரக்குதே. உங்கட விரலுக்கும் கண்ணாடி போட வேணும் போல," என்று சிரித்தாள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மெல்லிய வெடிப்புகள். அவள் தடவியிராவிட்டால், விண்ணப்பகாரர் சொன்னது உண்மை என்றே நான் எழுதி முடித்திருப்பேன். திருத்திவிட்டேன், பிழை ஒன்றும் நேரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கலியாண மோதிரத்தைக் கழற்றி, உட்புறம் வெட்டிய உமது பெயரைத் தடவினேன். ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி போட்டுப் பார்த்தேன், பெயர் இருந்தது. இங்கே டொக்டரிடம் கேட்டேன், இரத்தத்தில் சீனி கூடும் வருத்தத்தால் விரலுக்கு வரும் மரப்புத்தானாம், யோசிக்க வேண்டாம்.

பெரிய பொத்தான் தைத்த சேட்டு இரண்டு அனுப்பும். மன்னார் கிளினிக்கில் எனக்கு ஒரு நாள் கேட்டு வையும். வந்ததும் என் கையை இறுக்கிப் பிடியும். மெல்லப் பிடித்தால் தெரியாமல் போய்விடுமோ என்றிருக்கிறது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உமது
சந்தியோகு