அறுவடைப் போட்டோவில் உங்கள் வலது கால்

வானதி அப்பாவுக்கு, கோயம்புத்தூரிலிருந்து அமிர்தம் வணக்கத்துடன் எழுதுவது. பேரன் மதிவாணன் கணக்கில் நூற்றுக்கு நூறு. பேத்தி ஓட்டத்தில் கோப்பை வாங்கினாள். பிசியோதெரபி புரொபசரான நம் மகள் வானதி இப்போது கல்லூரிக்கே முதல்வர்.

நீங்கள் அனுப்பிய அறுவடைப் போட்டோவை நேற்று அவளிடம் நீட்டினேன். "அப்பா எப்பம்மா விழுந்தாங்க? பாரம் முழுக்க இடது கால்லதான் இருக்கு. வலது காலை ஊனவே இல்ல" என்றாள். போனில் தினமும் "நல்லாருக்கேன்" என்றுதானே சொன்னீர்கள்? ஊரில் பக்கத்து வீட்டுக் கமருன்னிஸாவைக் கூப்பிட்டேன்; நீங்கள் வரப்பில் வழுக்கி விழுந்ததை அவள்தான் சொன்னாள்.

பிள்ளைகளை விட்டுவிட்டு உடனே கிளம்ப வழியில்லை. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். வெந்நீர் வைக்கத் தனியாக அடுப்படியில் நிற்க வேண்டாம். குணமானதும், எதிலும் சாயாமல் நின்று, புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்புங்கள். முகம் மங்கலானாலும் பரவாயில்லை, கால் இரண்டும் தெரிய வேண்டும்.