பக்டீரியாவுக்குத் தேயிலை

செவ்வாய்க்கிழமை, அக்கரப்பத்தனை. மழை விடவில்லை.

பன்னிரண்டு நாளாகியும் போத்தலில் ஒரு குமிழிகூட இல்லை. வாய்க்கால் சேற்றிலிருந்து எடுத்த பக்டீரியாவுக்கு, பெக்டரியில் கழித்துப் போட்ட தேயிலைத் தூளை உணவாக வைத்தேன். அதைத் தின்று ஐதரசன் விடும், அந்த வாயுவில் அடுப்பு எரிக்கலாம் என்று நம்பினேன். விறகு சுமக்கும் அக்காவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்தேன்.

மாலையில் அக்கா கொழுந்து பறித்துவிட்டு வந்து, அட்டை கடித்த காலை பால் சேர்க்காத, ஆறிப்போன பிளேன்டீ ஊற்றிக் கழுவினாள்.

“எரியலையாக்கா?”

“எரிஞ்சா என்னடி? இதுல எந்தக் கிருமியும் நிக்காது.”

நான் போத்தலைத் திரும்பிப் பார்த்தேன். சின்ன வயதில் என் புண்ணையும் இப்படித்தான் கழுவினார்கள். விஞ்ஞானம் படிப்பிக்கிற நான், கிருமியைக் கொல்வதையே கிருமிக்கு ஊட்டியிருக்கிறேன்.

“ஒன் அடுப்பு கேஸு எப்பத்தான் வரும்?” என்று கேட்டாள்.

நாளைக்கே வந்துவிடும் என்று பொய் சொன்னேன்.

இந்த மலையில் சும்மா கிடைப்பது தேயிலைக் கழிவு மட்டும்தான். வேறு எதைப் போடுவேன்? அக்கா தூங்கிவிட்டாள். நாளை விறகுக்குப் போகக் கத்தியையும் கயிற்றையும் கதவோரம் எடுத்து வைத்திருக்கிறாள். நான் சொன்னதை அவள் நம்பவேயில்லை.