மூன்று நிமிடக் கொலை: திருத்திய பதிப்பு

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். உடம்பு நன்றாகவே இருக்கிறது, காது மட்டும் சுத்தமாகக் கைவிட்டுவிட்டது. போனில் நீ ஒன்று கேட்க, நான் ஒன்று சொல்ல, பக்கத்தில் மாப்பிள்ளை சிரிக்க, எதற்கு வம்பு? அதனால்தான் கடுதாசி.

சந்தோஷமான செய்தி. என் பழைய துப்பறியும் நாவல்கள் பதினொன்றையும் பதிப்பகத்தார் மின்னூலாகப் போடப்போகிறார்கள். செல்போனிலேயே படிக்கலாமாம். ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தந்தியும் டைப்ரைட்டரும் புரியாது, எல்லாவற்றையும் புதுசாக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கென்று ஒரு எடிட்டர் பெண். கெட்டிக்காரி, ஆனால் அவசரக்குடுக்கை. என் துப்பறிவாளன் போன் பூத்தில் சில்லறை இல்லாமல் தவிப்பானே, அங்கே 'சார்ஜ் இல்லாமல்' என்று போட்டுவிட்டாள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டேன்.

'மூன்று நிமிடக் கொலை'யில்தான் மாட்டிக்கொண்டேன். கொலைகாரன் வெளியூருக்கு ட்ரங்க் கால் பேசுவதை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒட்டுக்கேட்டு, போலீசில் சொல்லி அவனைப் பிடித்துக் கொடுப்பாளே ஆபரேட்டர் பெண், கொலைகாரன் கையில் செல்போன் வந்துவிட்டால் அவளுக்கு அங்கே வேலையே இல்லை. "அந்த கேரக்டரையே தூக்கிடலாம் சார்" என்கிறாள் எடிட்டர்.

அது நீ அல்லவா? நீ எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த கையோடு உன்னை நினைத்து எழுதியது. உன் கன்னத்து மச்சத்தைக்கூட விடவில்லை. உன்னை என் கையாலேயே எப்படி அடித்துப் போடுவேன்? நீ சரி என்று சொல்லாமல் பேனாவைத் தொடமாட்டேன்.

உன் அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

தூக்கு. தாராளமாகத் தூக்கு. முப்பத்தெட்டு வருஷமாக எப்போது தூக்குவாய் என்று காத்திருக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. நீ ஆசையாகத்தான் எழுதினாய். முதல் பிரதியை என் கையில் கொடுத்தபோது உன் முகத்தைப் பார்த்து என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அடுத்த வாரம் எக்ஸ்சேஞ்சில் ஆளுக்கொரு பிரதி. மச்சத்தைப் படித்ததும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. சூப்பர்வைசர் கூப்பிட்டு, "ஏம்மா, நீ இப்படித்தான் லைன்ல உக்காந்து கேக்கறியா?" என்றார். இல்லவே இல்லை என்று எத்தனை தடவை சொல்லியும் நம்பவில்லை. ட்ரங்க் போர்டிலிருந்து எடுத்து, நம்பர் சொல்லும் என்கொயரி மேஜையில் போட்டார். சாப்பாட்டு அறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுபோகும். கல்யாணமாகி வந்தால் மாமியாரும் படித்திருக்கிறார்! புண்ணியவதி, கடைசிவரை என் எதிரில் போனைக் கையில் எடுக்கவில்லை.

அண்ணா, அந்த வேலையில் எங்களுக்கு இருந்த ஒரே மரியாதை, கேட்காமல் இருப்பதுதான். லைன் கிடைத்ததா என்று பார்ப்போம், விலகிக்கொள்வோம். ஒரு காலுக்கு உண்டான மூன்று நிமிடம் முடிந்தால்தான் திரும்ப உள்ளே வருவோம். தப்பித்தவறிக் காதில் விழுந்தது அந்த வாசலோடு சரி. கதைக்கு ஏதாவது கொடு, கொடு என்று நீ எவ்வளவு கெஞ்சினாய், ஒரு வார்த்தை கொடுத்தேனா? நான் கொடுக்காததை எல்லாம் நான் கொடுத்ததாக எழுதிவிட்டாய். அதுதான் எனக்கு வலித்தது.

அதனால் கொலைகாரனுக்கு நல்ல செல்போனாகப் பார்த்து வாங்கிக் கொடு. அண்ணிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

உன் தங்கை

மார்ச் 19

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அண்ணியிடம் காட்டினேன். "இப்பவாவது தெரிஞ்சுதே" என்றாள். அவளுக்கு எப்போதோ தெரியுமாம்!

என்னை மன்னித்துவிடு. வெட்கமாக இருக்கிறது. பெயர் துப்பறியும் எழுத்தாளன், சொந்தத் தங்கை மேஜை மாறியது எதனால் என்று துப்பறியத் தெரியவில்லை. என்கொயரி என்றதும் பதவி உயர்வு என்று நினைத்து, தெருவுக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்தேனே, பாவி. நீயும் ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டாய்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், பதில் எழுது. பேச்சைக் கேட்கமாட்டீர்கள், சரி. ஒருவன் ட்ரங்க் கால் பேசினான் என்பதற்கு உங்களிடம் வேறு என்ன அத்தாட்சி இருக்கும்?

உன் அண்ணன்

மார்ச் 26

அண்ணாவுக்கு,

டிக்கெட் இருக்கும். ஒவ்வொரு காலுக்கும் ஒரு சின்னச் சீட்டு. எந்த நம்பரிலிருந்து எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது, எல்லாம் எங்கள் கையெழுத்தில். கட்டுக்கட்டாக அலமாரியில் கிடக்கும்.

எதற்குக் கேட்கிறாய்? ஏடாகூடமாக எதையும் செய்து வைக்காதே. இன்னொரு புத்தகத்தை என் உடம்பு தாங்காது.

தங்கை

மே 2

அன்புத் தங்கைக்கு,

செய்துவிட்டேன். திட்டுவதாக இருந்தால் படித்துவிட்டுத் திட்டு.

மற்ற பத்து நாவல்களுக்கும் செல்போன் கொடுங்கள், இது மட்டும் அந்தக் காலத்திலேயே இருக்கட்டும் என்றேன். எடிட்டர் முறைத்தாள். ஏழாம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அப்படியே போட்டுடலாம் சார்" என்றாள். ஆனாலும் கடைசி முடிவு உன்னுடையதுதான். வெளியிடும் முன் உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உனக்குச் சம்மதமில்லை என்றால் சொல், அந்த ஆபரேட்டர் பெண்ணை எடுத்துவிடுகிறேன்.

உன் அண்ணன்

மே 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

புத்தகம் செல்போனில் வந்தது. உன் மாப்பிள்ளைதான் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார். நேராக ஏழாம் அத்தியாயத்துக்குப் போனேன்.

இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டி, "அவன் என்னம்மா பேசினான்?" என்கிறார். "தெரியாது சார்" என்கிறாள் ஆபரேட்டர் பெண். "கேட்டிருப்பியே?" என்றால், "கேக்கறது எங்க வேலை இல்ல சார்" என்கிறாள். வேலை போய்விடும் என்று மிரட்டியும் அசையவில்லை. டிக்கெட் கட்டை மட்டும் எடுத்து முன்னால் வைக்கிறாள். ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை போனில் இருந்தேன் என்று சாதித்தவனின் பேச்சு, ஒன்பது மூன்றுக்கே முடிந்திருக்கிறது. அகப்பட்டுக்கொண்டான் திருட்டுப்பயல்!

அழுதுவிட்டேன் அண்ணா. சந்தோஷத்தில்தான், பதறாதே. அவள் இருக்கட்டும்.

கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். என்னோடு ட்ரங்க் போர்டில் இருந்தவர்களில் மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள். அந்த அத்தியாயத்தை மூவருக்கும் அனுப்பச் சொன்னேன். நேற்று அவர்களில் ஒருத்தி கூப்பிட்டாள், அந்தச் சாப்பாட்டு அறையில் என்னைக் கண்டால் தட்டோடு எழுந்து போனவள். "தப்பா நெனச்சுட்டேன்டி" என்று தொடங்கி, ஒன்றரை மணி நேரம் தன் வீட்டுக் கதை முழுக்க என்னிடம் கொட்டித் தீர்த்தாள்.

என்ன சொன்னாள் என்று கேட்காதே. சொல்லமாட்டேன்.

உன் தங்கை